72 மணி நேர முன்னறிவிப்பு

மெல்பேர்ணில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீதித்துறை பற்றிப் பேசக் கூப்பிட்டால், சிபிசிஎஃப் எனப்படும் அகதி வழக்கைத்தான் கொண்டுபோவேன். நான் வாதாடிய வழக்கல்ல. ஆனால் அகதி வழக்குகள் பார்க்கும் தமிழ் வழக்கறிஞர் எவரும் அந்த நாட்களை மறக்க முடியாது.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகில் 157 பேர், ஏறக்குறைய எல்லோரும் இலங்கைத் தமிழர், குழந்தைகள் உட்பட. கிறிஸ்மஸ் தீவை நெருங்கும்போது ஆஸ்திரேலியக் கப்பல் மறித்து அவர்களை ஏற்றிக்கொண்டது. அப்படியொரு படகு இருப்பதையே அரசு ஒப்புக்கொள்ளவில்லை. என் தொலைபேசி ஓயவில்லை. தம்பி அதில் இருக்கிறானா, மகள் இருக்கிறாளா என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஜூலை 7 அன்று அமைச்சர் ஸ்கொட் மொரிசன், வேறொரு படகில் வந்த 41 பேர் கடலிலேயே இலங்கை அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டதாக அறிவித்தார். கேட்டவுடன் எங்களுக்கு நெஞ்சு அடைத்தது.

அன்று மாலையே ஹைகோர்ட் நீதிபதி சூசன் கிரெனன், அந்த 157 பேரை இலங்கையிடம் ஒப்படைக்க இடைக்காலத் தடை விதித்தார். (இங்கே ஹைகோர்ட்தான் நாட்டின் உச்ச நீதிமன்றம்.) மறுநாள், 72 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்காமல் அவர்களை இலங்கையிடம் ஒப்படைக்க மாட்டோம் என்று அரசு நீதிமன்றத்தில் உறுதியளித்தது. பத்திரிகையாளர் கேட்டுக் கிடைக்காத பதில் நீதிமன்றம் கேட்டதும் வந்துவிட்டது. மத்திய அரசின் அதிகாரி எவருக்கும் எதிராகத் தடையாணை கேட்டு நேரே ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்கிறது அரசமைப்பின் 75ஆம் பிரிவு. குடியுரிமை இல்லாதவருக்கும், நடுக்கடலில் அடைபட்டவருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

வழக்கு என்ன ஆனது என்று கேட்பார்கள். 2015 ஜனவரி 28 அன்று நாலுக்கு மூன்று என்று தோற்றது. கடலில் அடைத்துவைத்தது சட்டப்படி சரி என்றனர் நால்வர். இந்தியாவில் இறக்க அனுமதியே இல்லாதபோது அவர்களை அங்கே கொண்டுபோக அரசு எடுத்த முடிவு செல்லாது என்றனர் ஹேன், பெல், கீஃபல் மூவரும். இதற்கிடையே, விசாரணை முடிந்து தீர்ப்பு வராத டிசம்பரிலேயே, நாடாளுமன்றம் கடல் அதிகாரச் சட்டத்தைத் திருத்தி அரசின் கையைப் பலப்படுத்திவிட்டது. அதிகாரப் பிரிவினை என்பது இதுவும்தான். இதை மறைத்துப் பாடம் நடத்துவது பிள்ளைகளை ஏமாற்றுவது என்றே நினைக்கிறேன். அந்த மக்கள் இலங்கைக்குப் போகவில்லை. நவ்ரு தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அதை வெற்றி என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

"தோற்ற மூவர் எழுதியதை ஏன் படிக்கணும், அங்கிள்?" என்றாள் ஒரு மாணவி. பதிலாக இன்னொரு வழக்கைச் சொன்னேன். நாடு கடத்த வழியில்லாதவரையும் காலவரையின்றி அடைத்து வைக்கலாம் என்று 2004இல் அல்-காதேப் வழக்கில் இதே நாலுக்கு மூன்று கணக்கில் முடிவானது. 2023 நவம்பரில் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து அந்த முடிவைத் தள்ளினார்கள். அவளிடம் ஹேனும் பெல்லும் சேர்ந்து எழுதிய பக்கங்களைக் கொடுத்து, எதிர்த்தரப்புக்காக வாதாடச் சொன்னேன்.