அக்காவுக்காக ஒரு பத்திரிகை

மூட்டுவலியால் என் அக்கா வாசல்படி தாண்டி மூன்று வருஷமாகிறது. "நீ போற இடத்தையெல்லாம் எனக்கு எழுதிப் போடேன்டி" என்றாள். பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன எழுத்து! தயக்கத்தோடுதான் போன ஜனவரியில் வேடந்தாங்கலுக்கு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போனேன்.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், சுமார் 74 ஏக்கர் ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் என்று ஒரே இரைச்சல். "ரொம்ப அழகு" என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அக்காவுக்கு இது போதுமா?

மறுபடி பார்த்தேன். நாரை ஒன்று இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றது. ஏரிக்கரையில் ஒரு பெரியவர் சொன்னார்: "பறவை எச்சம் கலந்த தண்ணி பயிருக்கு உரம்மா. அதான் எங்க ஊரு தலைமுறையா இதுங்களைக் காப்பாத்துது." இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, இரவு அடுப்படி வேலை முடிந்தபின் நான்கு பக்கம் எழுதி, 'ஊர் சுற்றி' என்று பெயரும் வைத்தேன். ஜெராக்ஸ் எடுத்து அக்காவுக்கும், தங்கைக்கும், நாத்தனாருக்கும் தபாலில் அனுப்பினேன்.

அக்காவிடமிருந்து பதில் வந்தது: "குஞ்சு எத்தனைன்னு எழுதலியே?"

எண்ணாமல் வந்துவிட்டேனே! அடுத்த இதழுக்கு இன்னும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே பறவைகள் நிறைய இருக்கும். நீங்களும் போய்வாருங்கள், சகோதரிகளே. வரமுடியாத ஒருத்தருக்காகக் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும்.