இமை ஓர அழற்சி: அடக்கலாம், அவசரப்படக் கூடாது

1/ காலையில எழுந்தா இமை ஒட்டிக்கிட்டிருக்கு. ஓரமெல்லாம் சிவந்து எரிச்சல், மண் விழுந்த மாதிரி உறுத்தல், இமைமுடி வேர்ல பொடுகு மாதிரி செதில். உடனே 'மெட்ராஸ் ஐ'ன்னு முடிவு பண்ணிடுறோம். மாசக்கணக்கா வந்து வந்து போனா, அது பெரும்பாலும் பிளெஃபரைட்டிஸ், அதாவது இமை ஓர அழற்சி. அடுத்தவங்களுக்குத் தொத்தாது. எனக்கே பல வருஷமா இருக்கு.

2/ ஒவ்வொரு இமை ஓரத்துலயும் இருபதுக்கு மேல எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கு. 1666ல் இதை விவரிச்சவர் ஹைன்ரிச் மெய்போம். அவர் பேர்லயே மெய்போமியன் சுரப்பி. கண்ணீர் சீக்கிரம் காயாம காப்பது இந்த எண்ணெய்தான். மார்கழியில தேங்காய் எண்ணெய் உறையுதே, அது மாதிரி இது கெட்டியாகி அடைச்சுக்கும். கூடவே கிருமி, தலைப்பொடுகு.

3/ அதனால வைத்தியமும் எளிமை. சுத்தமான துணியை வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்சு, புறங்கையில சூடு பார்த்துட்டு, மூடிய இமை மேல 5 முதல் 10 நிமிஷம் ஒத்தடம். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கி, கீழ் இமையை மேல்நோக்கி மெதுவா நீவுங்க. ஆறின வெந்நீர்ல ரெண்டு சொட்டு பேபி ஷாம்பூ கலந்து, முடி வேரைத் துடைங்க. முதல்ல தினம் 2 வேளை, அடங்கினதும் 1 வேளை. பல் தேய்க்கிற மாதிரி. விட்டா திரும்ப வரும்.

4/ இந்தப் பொறுமை இல்லாமத்தான் வினை வருது. ஒரு தையல்காரர் என்கிட்ட வந்தார். பைக் ஓட்டும்போது பக்கத்துல வர்ற வண்டி தெரியலையாம். இமை எரிஞ்சப்போ எப்பவோ எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை, ரெண்டு வருஷமா மெடிக்கல் ஷாப்ல அவரே வாங்கிப் போட்டிருக்கார். "போட்டா அரை மணி நேரத்துல சுகம் சார்."

5/ அதுல ஸ்டீராய்டு. கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு பாதிச்சு, ரெண்டு கண்ணுலயும் ஓரப்பார்வை சுருங்கிடுச்சு. போன பார்வை திரும்பாது. மிச்சத்தைத்தான் இப்ப காப்பாத்திக்கிட்டிருக்கோம்.

6/ ஸ்டீராய்டு விஷமில்ல. தேவைப்பட்டா நாங்களே கொஞ்ச நாளைக்கு எழுதுவோம், அழுத்தத்தையும் பார்த்துக்குவோம். பழைய சீட்டை வச்சு நீங்களா தொடராதீங்க.

7/ வலி, மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாமை, ஒரே இடத்துல திரும்பத் திரும்பக் கட்டி, ஒரு இமையில மட்டும் முடி உதிர்வு: இதெல்லாம் இருந்தா தாமதிக்காம கண் டாக்டரைப் பாருங்க.

8/ இன்னைக்கு ஒரு வேலை. வீட்ல இருக்கிற சொட்டு மருந்து லேபிளைப் படிங்க. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன்னு இருந்தா, டாக்டர் சொல்லாம கண்ணுல விடாதீங்க.