பாலாடைக்கு ஒரு மிஸ்டு கால்!

உங்க வீட்டு நகவெட்டி இந்த நிமிஷம் எங்கே இருக்கு? எழுந்திரிக்காம, அம்மாவைக் கூப்பிடாம சொல்லுங்க பார்க்கலாம். சொல்லிட்டீங்களா? நீங்க பெரிய ஆள் பாஸ். பக்கத்தைத் திருப்பி ஜோக்ஸ் படிக்கப் போயிடலாம். திருதிருன்னு முழிக்கிறீங்களா? வாங்க வாங்க, நம்ம கட்சி!

எங்க வீடு ஸ்ரீரங்கத்துல. அக்கா கல்யாணமாகிப் போனதுக்கப்புறம் அப்பா, அம்மா, அப்பாயி, நான்னு நாலே பேர். இந்த நாலு பேருக்கு இதுவரைக்கும் ஆறு கத்தரிக்கோல் வாங்கியிருக்கோம். கத்தரிக்கோல் வேணும்னு தேடினா ஒண்ணுகூட இருக்காது. ஸ்குரூ டிரைவர் தேடினா மூணு கத்தரிக்கோல் வரும்! அப்பா, தலையில ஏத்தி வச்ச மூக்குக் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுவார். டி.வி. ரிமோட் ஒரு தடவை ஃப்ரிட்ஜுக்குள்ள, தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்துல சமர்த்தா உட்கார்ந்திருந்தது. யார் வச்சான்னு இன்னிக்கு வரைக்கும் விசாரணை கமிஷன் முடியலை.

இப்படிப்பட்ட வீடு ஆறு வருஷம் தள்ளாடாம ஓடினதுக்கு ஒரே காரணம், சமயபுரத்து அக்கா. எங்க வீட்டுல பாத்திரம் தேய்ச்சு, வீடு கூட்டித் துடைக்க வந்தவங்க. சமயபுரத்துல இருந்து பஸ் பிடிச்சு வர்றதால அந்தப் பேரு. காலையில ஏழு மணிக்கு அவங்க வர்ற நேரமும், நான் காலேஜ் பஸ்ஸுக்குப் பறக்குற நேரமும் ஒண்ணு.

"அக்கா, என் ஐ.டி. கார்டைப் பார்த்தீங்களா?"

"கதவுக்குப் பின்னாடி ஈரத் துண்டு தொங்குதுல்ல, அதுக்கு அடியில பாருங்க தம்பி."

கையில விளக்குமாறு, கண்ணு தரையில. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. போய்ப் பார்த்தா அங்கேயே இருக்கும். கால்குலேட்டர், வண்டி சாவி, கேஸ் புக்கு, அப்பாயியோட பல் செட்டு டப்பா... எதைக் கேட்டாலும் பதில் ரெடி. எங்க வீட்டு சாவியை மூணு தடவை நாங்களே தொலைச்சு, பூட்டை மாத்தினோம். அதுக்கப்புறம் ஸ்பேர் சாவியை அவங்ககிட்டேயே கொடுத்துட்டோம். எங்களைவிட அவங்ககிட்ட பத்திரமா இருக்கும்னுதான்.

இப்போ பாலாடை கதைக்கு வர்றேன். பாலாடைன்னா பால் மேல மிதக்கிற ஏடு இல்லீங்க. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுற, ஒரு பக்கம் மூக்கு நீண்ட குட்டிக் கிண்ணம். சில வீடுகள்ல சங்குன்னு சொல்வாங்க. எங்க வீட்டு வெள்ளிப் பாலாடை, அப்பாயி புதுக்கோட்டையில இருந்து கல்யாணமாகி வந்தப்ப கொண்டு வந்தது. அப்பா குடிச்சது, அக்கா குடிச்சது, நான் குடிச்சது எல்லாம் அதுலதான். ஓரத்துல ஒரு நசுங்கல் இருக்கும். அது நான் கடிச்சதாம். பல்லு முளைக்காத வயசுல வெள்ளியைக் கடிச்சேன்னு சொன்னா நீங்க நம்புறீங்களா? ஆனா எங்க வீட்டுல நம்புறாங்க.

போன ஐப்பசியில எங்க அக்காவுக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரியில இருந்து பிள்ளையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்த அன்னிக்கு, அப்பாயி ஷோகேஸைத் திறந்தா... பாலாடை இல்லை.

தேடினோம். பீரோ, மெத்தைக்கு அடியில, சாமி ரூம், அரிசி டின், பருப்பு டப்பா. எங்க ஷோகேஸை மட்டும் ஒரே நாள்ல ஆளாளுக்கு நாலு தடவை. செல்போன் தொலைஞ்சா ஒரு மிஸ்டு கால் விட்டா எங்கேயாவது பாடும். பாலாடைக்கு மிஸ்டு கால் எப்படிக் கொடுக்கிறது?

அப்பாயி தன் வழிக்குப் போனாங்க. சேலைத் தலைப்புல ஒரு முடிச்சு, சாமி படத்துக்கு முன்னாடி ஒரு வெல்லக் கட்டி, அரைக்காசு அம்மனுக்கு வேண்டுதல். தொலைஞ்ச பொருளைத் திருப்பித் தர்ற அம்மன். புதுக்கோட்டைத் தொண்டைமான் ராஜாக்கள் நவராத்திரிக்கு அரிசியோட சேர்த்து ஜனங்களுக்குக் கொடுத்த குட்டிக் காசுல ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்குல 'விஜய'ன்னு எழுத்து. அந்தக் காசை வச்சு அம்மனுக்கே அப்படி ஒரு பேரு. 1948-ல சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்ததும் காசு போயிடுச்சு, வேண்டுதல் போகலை. எதிர் வீட்டு ஆன்ட்டி செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்துறதா சொன்னாங்க. அவரும் இதே டிபார்ட்மென்ட்தான். இன்னொருத்தர் வெத்தலையில மை போட்டுப் பார்த்தா எடுத்தவங்க முகம் தெரியும்னார். அப்பா போட்ட சத்தத்துல அவர் காபி குடிக்காமலே கிளம்பிட்டார். வெல்லக் கட்டிக்கு எறும்பு வந்ததுதான் மிச்சம்.

கவனிச்சீங்களா? 'எடுத்தவங்க'. அந்த வார்த்தை அதுக்குள்ள எங்க வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துடுச்சு. மைக்காரர்தான் கொண்டு வந்தார்னு சொல்லித் தப்பிச்சுக்க ஆசைதான். ஆனா அதுக்கு முதல் நாள் ராத்திரியே, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது நான் சொன்னேன்... "பெயின்ட் அடிச்சப்ப ஷோகேஸைத் துடைச்சது சமயபுரத்து அக்காதானே, கேட்டுப் பாருங்க."

ரொம்ப சாதாரணமாத்தான் சொன்னேன். ரசம் ஊத்துங்கன்னு சொல்ற மாதிரி.

அம்மா நேரடியா 'நீ எடுத்தியா'ன்னு கேட்கலை. அதைவிட மோசம். 'பார்த்தியா'ன்னு ஒரு நாள். 'துடைச்சப்போ இருந்துச்சா'ன்னு மறுநாள். மூணாவது நாள், 'நல்லா யோசிச்சுச் சொல்லு'. அன்னிக்கு அவங்க வேலையை முழுசா முடிச்சாங்க. கையைத் துடைச்சுக்கிட்டு வாசலுக்கு வந்து, தன்னோட ஒயர் கூடையைத் திண்ணையில தலைகீழாக் கவிழ்த்தாங்க. ஒரு சீப்பு, மாத்திரை அட்டை, சுருட்டி வச்ச பிளாஸ்டிக் கவர், அம்மா காலையில கொடுத்த ரெண்டு இட்லி இருந்த டப்பா.

"பாத்துக்கங்கம்மா. ஆறு வருஷமா நீங்க தொலைச்சதை எல்லாம் எடுத்துக் குடுத்துருக்கேன். எடுத்துட்டுப் போனதில்லை."

ஸ்பேர் சாவியை அந்தத் திண்ணையிலேயே வச்சாங்க. இட்லி டப்பாவையும். அவ்வளவுதான். அதுக்கப்புறம் வரலை. நான் உள்ளே நின்னு ஜன்னல் வழியா எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தேன். வெளியே வரலை.

இந்த இடத்துல கொஞ்சம் படிப்பு விஷயம் பேசணும். ஓடிடாதீங்க, சின்னதுதான். நாலாவது செமஸ்டர்ல எனக்கு ப்ராபபிலிட்டி பேப்பர் ஊத்திக்கிச்சு. அக்கா போன மூணாவது வாரம் அரியர் எக்ஸாம். பேயஸ் தேற்றத்தை ரெண்டாவது ரவுண்டு படிச்சுக்கிட்டு இருந்தேன். பேயஸ் இங்கிலாந்துக்காரர், பாதிரியார். 1761-ல இறந்துட்டார். அவர் விட்டுப் போன காகிதங்களுக்கு நடுவுல இருந்து நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் கண்டுபிடிச்சு எடுத்துக் கொடுக்க, 1763-ல அச்சாச்சு. அதுவே ஒரு தொலைஞ்சு கிடைச்ச கேஸ்!

தொலைஞ்ச பொருளைத் தேடுறதுக்கு அதைவிட நல்ல கணக்கு இல்லை. பாலாடை ஷோகேஸ்ல இருக்க 60 சதவிகிதம் வாய்ப்பு, பரண்ல 30, மத்த இடத்துல 10-ன்னு வச்சுக்குங்க. ஷோகேஸைத் தேடுறீங்க. அங்கே இருந்தா கண்ணுல பட 80 சதவிகிதம் வாய்ப்பு. படலை. இப்போ கணக்குப் போட்டா ஷோகேஸ் 60-ல இருந்து 23-க்கு இறங்கிடும். பரண் 30-ல இருந்து 58-க்கு ஏறிடும். அதாவது, ஷோகேஸையே நாலு தடவை குடையாதே, ஏணியை எடு! எங்க வீட்டுல யாரும் ஏணியை எடுக்கலை.

இது விளையாட்டுக் கணக்கு இல்லை. 1966-ல ஸ்பெயின்ல பலோமரேஸ்ங்கிற ஊருக்கு மேல ரெண்டு அமெரிக்க விமானங்கள் மோதினப்போ நாலு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்துச்சு. மூணு தரையில கிடைச்சாச்சு. ஒண்ணு கடல்ல. இந்த மாதிரிக் கணக்கெல்லாம் போட்டுத் தேடினாங்க. கூடவே, அது கடல்ல விழுந்ததைத் தன் படகுல இருந்து பார்த்த ஒரு மீனவர் இருந்தார். ஃபிரான்சிஸ்கோ சிமோன்னு பேரு. இந்த இடத்துலதான்னு காட்டினார். எண்பது நாள் கழிச்சு குண்டு வெளியே வந்துச்சு.

சரி, நோட்டுல நானும் எங்க வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி ரசம் சாதத்தோட நான் மனசுல போட்ட நம்பர்கள். சமயபுரத்து அக்கா 60, பெயின்டர் பசங்க 30, அம்மா ஞாபகமறதியா எங்கேயாவது வச்சது 10. கூட்டினா நூறு வருது. என் பேர் எங்கேயும் இல்லை. நான் எனக்குப் பூஜ்யம் போட்டிருக்கேன். பேயஸ் கணக்குல ஒரு விசேஷம் உண்டு. ஆரம்பத்துல பூஜ்யம் போட்ட இடம் கடைசி வரைக்கும் பூஜ்யம்தான். எவ்வளவு சாட்சி வந்தாலும் ஏறாது. பெருக்கல் ஆச்சே!

அந்தப் பக்கத்தை மடிச்சுட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டேன். அரியர் கிளியர் பண்ணிட்டேன். அதையும் சொல்லிடணுமில்ல.

மார்கழி கடைசி. போகிக்கு வீட்டை ஒழிக்கிறோம். பொங்கல் வைக்கிற வெண்கலப் பானை பரண்ல இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் கீழே வரும். ஏணியில நான் ஏறினேன். பானையை இறக்கும்போது உள்ளே என்னமோ உருண்டுச்சு. கையை விட்டா ஒரு பழைய டவல் மூட்டை. பிரிக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அது என் டவல்.

ஆவணியில பெயின்ட் அடிக்க வந்தப்போ, "ஷோகேஸ்ல இருக்கிறதை எல்லாம் பத்திரமா எடுத்து வைடா"ன்னு அம்மா சொன்னது ஏணியில நின்னப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. காதுல இயர்போன், போன்ல மேட்ச். கையில கிடைச்ச டவல்ல சுத்தி, பரண்ல ஏறி, பானைக்குள்ள திணிச்சிருக்கேன். வைக்கும்போது மனசு அங்கே இல்லைன்னா மூளை அதைப் பதியறதே இல்லையாம். மறந்துட்டேன்னு சொல்றதுகூடப் பொய். நான் அதைத் தெரிஞ்சுக்கவே இல்லை. இந்த விளக்கத்தை அம்மாகிட்ட சொன்னேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. பாலாடையைப் புளி போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க. கறுப்பெல்லாம் போனதுக்கப்புறமும் தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க.

காணும் பொங்கலுக்கு மறுநாள் நானும் அம்மாவும் சமயபுரம் போனோம். வழி விசாரிச்சு விசாரிச்சுத்தான் போனோம். ஆறு வருஷத்துல எங்களுக்கு அவங்க வீடு தெரியாது. அவங்களுக்கு எங்க வீட்டுல ஊசி இருக்கிற இடம் வரைக்கும் தெரியும்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சாங்க. இப்போ ஒரு கல்யாண மண்டபத்துல சமையல் பாத்திரம் கழுவுறாங்களாம். அம்மா ஆரம்பிக்கிறதுக்குள்ள நானே சொன்னேன். "பாலாடை கிடைச்சிருச்சுக்கா. பரண்ல, பொங்கப் பானைக்குள்ள. நான்தான் வச்சிருக்கேன். உங்க பேரை இழுத்ததும் நான்தான்."

அவங்க என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "பெயின்ட் அடிச்ச அன்னிக்கு நீங்க ஏதோ துண்டுல சுத்தி எடுத்துட்டு ஏறினதைப் பாத்தேனே தம்பி. அதுக்குள்ள பாலாடை இருந்துச்சுன்னு எனக்கு என்ன தெரியும்?" கொஞ்சம் நிறுத்தினாங்க. "எங்க போயிருக்கும்னு கேட்டிருந்தா, பரண்ல பாருங்கன்னு சொல்லியிருப்பேன். நீங்க யாரும் அப்படிக் கேக்கலையே."

எனக்கு அந்த ஸ்பெயின் மீனவர் ஞாபகம் வந்தார். மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன். "விடுங்க, பிள்ளை எப்படி இருக்கான்?"னு கேட்டாங்க. டீ போட்டுக் கொடுத்தாங்க. கிளம்பும்போது அம்மா கைப்பையில இருந்து ஸ்பேர் சாவியை எடுத்து நீட்டினாங்க. அதுக்குத்தான் அம்மா வந்ததேன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது.

"இருக்கட்டும்மா, உங்ககிட்டயே இருக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா கையை நீட்டலை.

பாலாடை இப்போ அக்கா பிள்ளை கையில. நான் கடிச்ச அதே இடத்தை அவனும் கடிக்கிறான். சாவி எங்க வீட்டுக் காலண்டர் ஆணியில தொங்குது. அம்மா அதை வேற எங்கேயும் மாத்தி வைக்க விடலை.

நகவெட்டியை இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்.