விடை தெரிந்த விடுகதை

விடுகதையின் விடை தெரிந்தபின் 'இவ்வளவுதானா!' என்று சொல்லாதவர் உண்டோ? நண்பர்கள் ஐவர் கூடி ஒரு பழைய நீதிமன்றத் தீர்ப்பை வாசித்தபோது நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

அமெரிக்காவில் கிம்பர்லி கிளார்க், ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனங்களிடையே நடந்த வழக்கு. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1984இல். பொருள், மாதவிலக்கு நாட்களில் பெண்கள் அணியும் நாப்கின். அதனை உள்ளாடையில் பசையால் பொருத்தும் மேம்பட்ட முறைக்கே காப்புரிமை. உறிஞ்சும் பஞ்சு பழையது, பசையும் பழையது. "இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?" என்று நகைத்தோம். கீழ் நீதிமன்றமும் இது எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே என்று காப்புரிமையைச் செல்லாததாக்கியிருந்தது.

எங்களுள் மூத்தவரான அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அத்தனை எளிதென்றால் நாங்கள் ஏன் அத்தனை ஆண்டுகள் இடுப்புக் கயிற்றில் துணியை முடிந்துகொண்டு பள்ளிக்கு நடந்தோம்?" என்றார். அறை அமைதியாயிற்று. நகைத்த நால்வரும் ஆண்கள்.

அக்காவின் கேள்விக்குச் சட்டத்திலும் இடமுண்டு. எளிதில் தோன்றக்கூடியதா என்பதை அத்துறையில் சராசரித் தேர்ச்சியுள்ள ஒருவரின் கண்கொண்டு, கண்டுபிடிப்புக்கு முந்தைய நிலையில் நின்று பார்க்க வேண்டும் என்பது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்து. நெடுநாள் உணரப்பட்டும் தீராதிருந்த தேவை, பிறர் முயன்று தோற்றமை ஆகியவற்றையும் கருதலாம் என்றது 1966ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்தவர்களுள் ஒருவரான நீதிபதி ஜைல்ஸ் ரிச்சே நாப்கின் வழக்கின் தீர்ப்பையும் எழுதினார். முன்னறிவு அனைத்தும் உடையவராகக் கொள்ளப்படும் அந்தச் சராசரி மனிதர் ஒரு கற்பனை. உண்மையான கண்டுபிடிப்பாளர் அப்படி எல்லாம் அறிந்தவர் என்று கொள்ளத் தேவையில்லை என்று விளக்கி, கீழ் நீதிமன்றத்தின் முடிவை மாற்றினார்.

மறுபக்கமும் உண்டு. எவரும் செய்யக்கூடியதை ஒருவருக்கே உரிமையாக்கினால், விலை கொடுப்பவர் வாங்குபவரே. அந்தச் சராசரி மனிதருக்கும் சிறிது கற்பனைத்திறன் உண்டு, அவர் வெறும் இயந்திரமல்லர் என்று 2007இல் உச்சநீதிமன்றம் நினைவூட்டியது.

ஆகவே எங்கள் ஐயம் முற்றும் தீரவில்லை. எனினும் ஒன்று கற்றோம். தெரிந்த விடையைச் சற்றே மறந்துவிட்டு விடுகதையின் முன் மீண்டும் அமர்வதே நியாயத்தின் முதற்படி. அது அத்தனை எளிதன்று.