ஓய்ந்த கப்பல்

பத்து காஜாவுக்கு அருகே, தஞ்சோங் துவாலாங் சாலையோரக் குட்டையில் ஓர் ஈயக் கப்பல் நிற்கிறது. 1938-இல் கட்டியது, எடை ஏறத்தாழ 4,500 டன். மிதந்தபடியே வாளிகளால் மண்ணை அள்ளி ஈயம் பிரித்த அது, 1982-இல் ஓய்ந்தது.

உழைத்த நாளில் ஆட்கள் உடனிருந்தார்கள். சிறு கசிவும் கண்ணில் பட்டுவிடும். ஓய்ந்த பின்புதான் துருவேறி, நீர் புகுந்து, சாய்ந்தது. பழுதுபார்த்து நிமிர்த்தினார்கள். இன்று அது காட்சிசாலை.

மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது என் தாயார் நினைவு வரும். மழையால் பால்வெட்டு இல்லாத நாளில்தான் கத்தியைத் தீட்டி, எண்ணெய் தடவி வைப்பார். “நாளைக்குத் துருவா பால் வெட்டும்?” என்பார்.

பட்டணம் போய்விட்ட அன்பர்களே! பூட்டிவந்த தோட்டத்துக் கோயிலை ஆண்டுக்கொரு முறையாவது திறந்து, கூரையைப் பாருங்கள். ஓடாத கப்பலுக்குத்தான் காவல் அதிகம் வேண்டும்.