பெயிண்ட் அடித்த லேத்

கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கத்துத் தெருக்களில் வீட்டு முன்னறையே பட்டறையாக இருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஷட்டருக்கு உள்ளே லேத்தும் டிரில்லிங் மெஷினும், சுவருக்கு அந்தப்பக்கம் சமையலறை. பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் இந்த இடங்களில் ஓடும் லேத்துகளில் சில, ஓட்டுபவரைவிட வயதில் மூத்தவை. கோவையிலேயே 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் செய்தது, ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் செய்தது, பெங்களூர் எச்.எம்.டி. என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வம்சம் உண்டு. பெரிய ஆலை கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து, சரிசெய்து ஓட வைப்பதை இங்கே ரீகண்டிஷன் என்கிறார்கள். இந்த வேலையைக் கூர்ந்து பார்த்தபின் எனக்குப் படுவது ஒன்றுதான்: வாங்குபவர் பெரும்பாலும் பெயிண்ட்டுக்கும் புது மோட்டாருக்கும் பணம் கொடுக்கிறார். லேத்துக்கு உயிர் திரும்புவதோ அளவெடுத்துச் சுரண்டுகிற ஃபிட்டரின் கையால். அந்தக் கைக்குப் பில்லில் தனியாக ஒரு வரிகூடக் கிடையாது.

பழைய லேத் என்றதும் முதலில் வரும் மறுப்பு, 'பெட் தேய்ந்துவிட்டது, காயலான் கடைக்குத்தான் லாயக்கு' என்பது. எந்தத் திசையில் தேய்ந்தது என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 50 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட்டைக் கடையும்போது, பெட் தேய்ந்ததால் டூல் நுனி நேர்கீழாக 0.1 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விட்டத்தில் வரும் பிழை அரை மைக்ரானுக்கும் கீழே. அதே 0.1 மி.மீ. பக்கவாட்டில் விலகினால் விட்டம் 0.2 மி.மீ. கூடிவிடும். பேரிங் ஏறவே ஏறாது. ஆக, கண்ணுக்குத் தெரிகிற பள்ளம் பல நேரம் அத்தனை கெடுதல் செய்வதில்லை. ஆனால் பெட்டின் முன்பக்க வி-தடம்தான் அதிகம் தேயும், அதுவும் சக்குக்குப் பக்கத்தில், ஏனென்றால் சின்னச் சின்ன ஜாப்கள் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. அப்போது டூலைத் தாங்கி பெட்மேல் நகரும் கேரேஜ், ஓட்டுபவர் பக்கமாகச் சாய்ந்து, டூல் ஜாபை விட்டு விலகுகிறது. ஷாஃப்ட் ஒரு முனையில் பருத்து டேப்பர் அடிப்பது இதனால்தான். சில சமயம் இதுகூடக் காரணமாக இருக்காது. சமமில்லாத தரையில் போல்ட் போட்டு இறுக்கினால் அவ்வளவு பெரிய வார்ப்பிரும்பு பெட்டும் முறுக்கிக்கொள்ளும், அதுவும் டேப்பராகவே வெளியே தெரியும். மட்டம் பார்த்து நான்கு போல்ட்டைத் திருப்பினால் தீரக்கூடிய கோளாறுக்கு லேத்தையே எடைக்குப் போட்டவர்கள் இருக்கக்கூடும்.

தேய்மானம் நிஜம்தான் என்று தெரிந்தபின் நடப்பதுதான் இந்தத் தொழிலின் சாரம். சமதளக் கட்டையில் நீல மையை மெல்லிய படலமாகத் தடவி, சரிசெய்ய வேண்டிய தளத்தை அதன்மேல் வைத்துத் தேய்க்கிறார் ஃபிட்டர். மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டுகிறது. கார்பைடு நுனி வைத்த ஸ்கிரேப்பரை இடுப்பில் அண்டக் கொடுத்து, அந்த நீலத் திட்டுகளைச் சுரண்டுகிறார். உதிர்வது மாவு மாதிரியான தூள், ஒரு முறைக்குச் சில மைக்ரான். துடைத்து, மறுபடி மை தடவி, மறுபடி தேய்த்தால் முதலில் மூலைக்கு ஒன்றாக இருந்த புள்ளிகள் பரவி, ஓர் அங்குலச் சதுரத்துக்குள் இருபதை நெருங்கும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கிற நுண்ணிய பள்ளத்தில் ஆயில் தங்கும். உலோகத் தளத்தைச் சமமாக்கும் இந்த முறையை விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1840-இல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரையாக வாசித்தார். மூன்று தளங்களை ஒன்றோடொன்று மாற்றி மாற்றி ஒத்துப்பார்த்துச் சரிசெய்தால், வேறெந்த அளவுகோலும் இல்லாமலே மூன்றும் சமதளமாகும் என்பது அதன் அடிப்படை. துல்லியத்தை மெஷினுக்குக் கொடுத்தது கைதான். (அழகுக்காக மேலே பிறைபிறையாகக் கீறிவிட்டு 'ஸ்கிரேப்பிங் செய்தது' என்று விற்பதும் நடக்கிறது. டிசைனைப் பார்த்து ஏமாறுபவர்களுக்கும் குறைவில்லை.)

'இவ்வளவு பாடு எதற்கு, பெட்டை கிரைண்டிங்குக்குக் கொடுத்தால் ஒரே நாளில் முடியுமே' என்பது அடுத்த வாதம். நியாயமானதுதான். சூடேற்றிக் கடினப்படுத்திய பெட்டில் ஸ்கிரேப்பர் இறங்காது, கிரைண்டிங்தான் வழி. ஆனால் கிரைண்டிங் முடிந்ததும் கேரேஜ் கீழே இறங்கிவிடும். லீட் ஸ்க்ரூவும் ஹாஃப் நட்டும் ஒரே கோட்டில் நில்லாமல், மரை போடும்போது இழுத்துப் பிடிக்கும். இறங்கிய அளவுக்கு கேரேஜின் அடியில் டர்சைட் என்கிற பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, அதைப் புது பெட்டுக்குப் பொருந்தச் சுரண்டியாக வேண்டும். டெயில்ஸ்டாக்குக்கும் அடியில் தகடு வைத்து உயர்த்த வேண்டும். கிரைண்டிங்குக்குப் பிறகும் கடைசியில் ஃபிட்டர்தான் வர வேண்டியிருக்கிறது.

சி.என்.சி. வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு: ஆயிரம் புஷ் வேண்டுமானால் சி.என்.சி.யிடம்தான் போக வேண்டும். கிணற்றிலிருந்து தூக்கிய பம்ப்பின் ஒற்றை ஷாஃப்ட்டுக்கு புரோகிராம் எழுதி யாரும் உட்கார மாட்டார்கள். மலிவான சின்னப் புது லேத்துகளும் கிடைக்கின்றன. எடை குறைவாக இருப்பதால், கொஞ்சம் ஆழமாக வெட்டினாலே அதிர்கின்றன. பழைய லேத்துக்கு எதிராக நான் முழுமையாக ஒப்புக்கொள்ளும் குற்றச்சாட்டு பாதுகாப்பு பற்றியது. மூடியில்லாத பெல்ட், திறந்து கிடக்கும் கியர், எமர்ஜென்சி சுவிட்ச் இல்லாத பழைய ஸ்டார்ட்டர். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதற்குச் சமாதானம் ஏதும் இல்லை. பெல்ட்டுக்கும் கியருக்கும் மூடி, புது ஸ்டார்ட்டர், எர்த் இந்த மூன்றும் பெயிண்ட்டுக்கு முன்னால் வர வேண்டியவை.

பழைய லேத் வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். சக்குக்குப் பக்கத்தில் கேரேஜ் லாக்கை லேசாகப் பிடிக்கும்வரை இறுக்கி, கேரேஜை டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டிப் பாருங்கள். போகப்போக இறுகினால் சக்குப் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள், விலையைக் குறைத்துப் பேசுங்கள். ரீகண்டிஷனுக்குக் கொடுத்தால், வேலைக்கு முன்பும் பின்பும் டயல் கேஜ் வைத்து எடுத்த அளவுகளைத் தாளில் கேட்டு வாங்குங்கள். ஸ்கிரேப்பிங் கூலியைப் பில்லில் தனியாக எழுதச் சொல்லி, அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.