"படம் போட்டவர் சரி, கட்டினது யாரும்மா?" - செனட் ஹவுஸும் ஒரு கொத்தனார் தாத்தாவும்

"சுண்ணாம்பு வேலையா அது? கிட்டக் காட்டும்மா!"

புதுச்சேரியின் கிராமப்புறமான பண்டசோழநல்லூரில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி செல்போனைக் கண்ணருகே கொண்டுபோகிறார் அந்தத் தாத்தா. நாற்பது வருடம் கரணை பிடித்த கொத்தனார். வீடியோ காலின் மறுமுனையில், சென்னையில் ஆர்க்கிடெக்சர் படிக்கும் பேத்தி. அவள் நிற்பது மெரினா எதிரே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் முன்பு.

"150 வருஷம் ஆகப்போகுது தாத்தா."

"யாரு கட்டினது?"

"சிஷோம்னு ஒரு வெள்ளைக்காரர்."

"அவரு படம் போட்டிருப்பாரு. கட்டினது யாருன்னு கேட்டேன்."

பேத்தியிடம் பதில் இல்லை.

தாத்தா உட்கார்ந்திருக்கும் அந்த நாட்டு ஓட்டு வீட்டுக்கும் அப்போது நாள் குறித்தாகிவிட்டது. இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டுவதாகக் குடும்பத்தில் பேச்சு. பேத்திக்கு மனசில்லை. 'பழசை வைத்துக்கொண்டு என்ன செய்ய?' என்று அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் அவள் பழைய கட்டடங்களாகப் பார்க்கத் தொடங்கினாள். அப்படித்தான் சிஷோமிடம் வந்து சேர்ந்தாள்.

ஊட்டியில் ஐரோப்பா

ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் பிறந்தது 1840-ல். இந்தியாவுக்கு வந்து முதலில் கல்கத்தாவில் வேலை பார்த்தார். மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்று, 1865-ல் சென்னைக்கு வந்தார்.

அன்றைய ஐரோப்பாவில் புதுக் கட்டடம் என்றாலும் பழைய பாணியில் கட்டுவதுதான் மரியாதை. ஆல்ப்ஸ் மலை ஊர்களிலிருந்து லண்டன் வரை, கோதிக் கூர் வளைவுகளும் இத்தாலிய மாளிகை முகப்புகளும் திரும்பத் திரும்ப எழுந்த காலம் அது. சிஷோமும் அந்தப் பாடத்தோடுதான் வந்தார். ஊட்டியில் நீலகிரி நூலகம், லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி ஆகியவை அவர் ஐரோப்பிய பாணியில் வடிவமைத்தவை. மூடுபனிக்கு நடுவே அவை பொருந்திப்போயின. 1870-ல் முடிந்த மாநிலக் கல்லூரியும் பெரும்பாலும் இத்தாலிய சாயல்தான்.

ஆனால், சென்னை ஊட்டி அல்லவே! கடற்கரை வெயிலும் உப்புக் காற்றும் வேறு கணக்கு கேட்டன. பக்கத்திலேயே 1768-ல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை நின்றது.

மதுரை கற்றுக்கொடுத்தது

அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் நேப்பியர் பிரபு. இந்தியக் கட்டடக் கலையில் ஆர்வம் உள்ளவர். மதுரையில் சிதிலமடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்கும் பணி தொடங்கியது அவர் காலத்தில்தான். அந்தப் பொறுப்பு சிஷோமிடம் வந்தது.

1636-ல் எழுந்த மகால் அது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான் அதன் உடம்பு. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்களும், அண்ணாந்து பார்க்க வைக்கும் வளைவுகளும், பளிங்குபோல மின்னும் சுண்ணப் பூச்சும் பல தலைமுறைகளின் கைப்பழக்கம். ஒரு கட்டடத்தைப் பழுதுபார்க்க, முதலில் அது எப்படி நிற்கிறது என்று புரிய வேண்டும். அதற்கு, அந்த வேலை தெரிந்தவர்களிடம் போய் நிற்க வேண்டும்.

அதற்குப் பிறகு சிஷோமின் படங்கள் மாறின. சேப்பாக்கம் அரண்மனையை ஒட்டி அவர் எழுப்பிய கட்டடங்கள், பழைய அரண்மனையின் சாயலிலேயே அமைந்தன. 1874-ல் தொடங்கி 1879-ல் முடிந்த செனட் ஹவுஸில், பைசாண்டிய பாணியோடு இந்தியக் குவிமாடங்களும் வளைவுகளும் கைகோத்தன. திருவனந்தபுரத்தில் 1880-ல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகத்துக்கு, கேரளத்தின் சரிந்த ஓட்டுக் கூரையையே எடுத்துக்கொண்டார்.

உள்ளூர்க் கைவினைஞர்களின் கைக்குப் பழகிய வடிவங்களைக் கொண்டே இந்தியாவில் கட்ட வேண்டும் என்பது அவருடைய கட்சி. 1877-ல் சென்னை கலைப்பள்ளியின் பொறுப்புக்கும் வந்தார். இன்று எழும்பூரை ஒட்டி இயங்கும் அரசு கவின் கலைக் கல்லூரிதான் அது.

பெருமையும் பாக்கியும்

இதில் அரசியலும் உண்டு. இந்தோ-சாரசெனிக் என்று பெயர் பெற்ற இந்தப் பாணி, 'முகலாயர்களுக்கும் நாயக்கர்களுக்கும் அடுத்த அரசர்கள் நாங்களே' என்று பிரிட்டிஷார் சொல்லிக்கொள்ளவும் உதவியது. குவிமாடம் நம்முடையது, கீழே உட்கார்ந்து உத்தரவு போட்டவர்கள் அவர்கள்.

சிஷோம் அதோடு நிற்கவில்லை. சார்லஸ் மாண்ட் 1881-ல் இறந்த பிறகு, பரோடாவின் லட்சுமி விலாஸ் அரண்மனையை முடித்துக்கொடுத்தார். வயதான காலத்தில் லண்டன் திரும்பி, 1907-ல் அங்கே ஒரு தேவாலயத்தை வடிவமைத்தார். அதிலும் பைசாண்டிய சாயல்! இன்று அது கடோகன் ஹால் என்ற இசை அரங்கம். 1915-ல் அவர் காலமானார்.

அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. சாரத்தில் நின்று வளைவு திருப்பியவர்கள், சுண்ணாம்பு அரைத்த சித்தாள்கள் பெயரெல்லாம் கட்டடத்துக்குள்ளேயே கரைந்துவிட்டன.

திண்ணை மிஞ்சியது

லீவுக்கு ஊருக்கு வந்த பேத்தி, இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "நம்மகிட்ட கத்துக்கிட்டான்னு சொல்றியே, அதுவே பெருசு."

பிறகு எழுந்து போய், வீட்டுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "கூரை போவட்டும். மரமெல்லாம் கரையான் தின்னுடுச்சி. பின்சுவரும் தாங்காது. ஆனா திண்ணையும் இந்த நாலு தூணும் இன்னும் அம்பது வருஷம் நிக்கும். அதை ஒட்டி புதுசு கட்டச் சொல்லு."

அப்பா முதலில் முணுமுணுத்தார். இடிக்கிற செலவு குறையும் என்றதும் சம்மதித்தார்.

திண்ணைக்குச் சுண்ணாம்பு பூசிய நாளில், தாத்தாவே கரணை எடுத்தார். கை நடுங்கியது, பூச்சு நடுங்கவில்லை. ஈரம் காய்வதற்குள் பேத்தி ஓர் ஆணியை நீட்டினாள்.

"உங்க பேரை எழுதுங்க தாத்தா."

அவர் ஆணியை வாங்கி, சுண்ணாம்பு கலந்து கொடுத்த சித்தாள் பெண்ணைக் கூப்பிட்டார்.

"வாம்மா, மொதல்ல உன் பேரை எழுது."